கணக்குக் கேட்காத பணம்

கல்யாணத்தில் மொய் எழுதுகிற இடத்தில் சற்று நேரம் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். அந்தப் பணத்தைக் கல்யாண வீட்டுக்காரர் என்ன செய்யப் போகிறார் என்று எழுதுகிறவர் யாரும் கேட்பதில்லை. பந்தல்காரருக்குக் கொடுப்பாரோ, பழைய கடனை அடைப்பாரோ, மாப்பிள்ளைக்கு மோதிரம் வாங்குவாரோ, அது அவர் பாடு. நோட்டில் பெயர், ஊர், தொகை, அவ்வளவுதான். அதே மனிதர்கள் மண்டபத்தை விட்டு வெளியே வந்து, வாசலில் கை நீட்டுகிற கிழவனைக் கண்டதும் வேறு மனிதர்களாகிவிடுகிறார்கள். "காசாகக் கொடுக்காதே, ஒரு டீயும் பன்னும் வாங்கிக் கொடு" என்கிறார் ஒருவர். பன்னை வாங்கிக் கொடுத்துவிட்டு, அவன் அதைத் தின்கிறானா, கடையிலேயே திருப்பிக் கொடுத்துக் காசாக்குகிறானா என்று இரண்டு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போகிற தர்மவான்களையும் நான் கண்டிருக்கிறேன்.

நமக்குச் சமமானவனுக்குப் பணமாகக் கொடுக்கிறோம். நமக்குக் கீழே என்று நினைப்பவனுக்குப் பண்டமாகக் கொடுக்கிறோம். வெள்ளம் வந்தால் பழைய புடவை, பஞ்சம் வந்தால் கஞ்சித் தொட்டி, தீபாவளி வந்தால் வேலைக்காரிக்கு ஒரு சேலை. இவற்றில் தவறு ஒன்றும் இல்லை; பசித்தவனுக்குக் கஞ்சி கஞ்சிதான். ஆனால் பண்டத்தைத் தேர்ந்தெடுக்கிற உரிமை யாரிடம் இருக்கிறது என்று கேட்டுப் பார்த்தால் நம் இரக்கத்தின் உள்புறம் கொஞ்சம் தெரியும். சேலையின் நிறத்தைக்கூட நாம்தானே முடிவு செய்கிறோம்?

ஏழையின் கையில் வெறும் பணத்தை, கணக்குக் கேட்காமல், நிபந்தனை விதிக்காமல் கொடுக்கலாமா? வேதாந்தக் கேள்விகளைப் போல இதையும் ஆளுக்கொரு அபிப்பிராயம் சொல்லித் தீர்த்துக் கொண்டிருந்தோம். கடந்த பதினைந்து ஆண்டுகளில் ஆப்பிரிக்காவின் ஒரு மூலையில் இதைச் செய்தே பார்த்துவிட்டார்கள். செய்ததோடு நிற்காமல் வீடு வீடாகப் போய் எண்ணியும் பார்த்தார்கள்.

கென்யா நாட்டின் மேற்குக் கோடியில், விக்டோரியா ஏரிக் கரையில், சியாயா என்று ஒரு மாவட்டம். லுவோ மக்கள் வாழும் பூமி. மக்காச்சோளம், சோளம், பீன்ஸ், மரவள்ளி, இரண்டு ஆடு, நாலு கோழி என்று காலம் தள்ளுகிற சிறு விவசாயிகள். மார்ச்சில் பெருமழை, ஆண்டுக் கடைசியில் ஒரு சிறுமழை. நடுவில் வானத்தைப் பார்த்துக் கொண்டிருக்க வேண்டியதுதான். இராமநாதபுரத்துக்காரர் ஒருவரைக் கொண்டுபோய் அங்கே விட்டால் பாஷை ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் புரிந்துவிடும். அங்கேதான் 'கிவ் டைரக்ட்லி' என்ற அமைப்பு வேலையைத் தொடங்கியது. அமெரிக்காவில் பொருளாதாரம் படித்துக் கொண்டிருந்த சில இளைஞர்கள் ஆரம்பித்த அமைப்பு அது. நன்கொடையாகத் திரட்டிய பணத்தை அப்படியே கிராமத்துக் குடும்பத்துக்கு அனுப்பி விடுவது என்பதே அவர்களுடைய ஏற்பாடு. பசு இல்லை, விதை இல்லை, பயிற்சி வகுப்பு இல்லை, புத்திமதி இல்லை. 2007இல் அந்த நாட்டில் தொடங்கிய 'எம்-பெசா' என்னும் கைபேசிப் பணமுறை இதற்கு வழி செய்து கொடுத்தது. பெசா என்றால் ஸ்வாஹிலி மொழியில் பணம். நம் நாட்டுப் பைசாதான் வியாபாரிகளோடு கப்பலேறிப் போய் அங்கே அப்படி ஆகியிருக்கிறது.

2011லிருந்து 2013 வரை ரரியேடா என்ற பகுதியில் சில குடும்பங்களுக்கு 25,200 ஷில்லிங்கும் சில குடும்பங்களுக்கு 95,200 ஷில்லிங்கும் கொடுத்தார்கள். சீட்டுக் குலுக்குவது போல் குலுக்கி, சில வீடுகளில் கணவனிடம், சில வீடுகளில் மனைவியிடம். சிலருக்கு மாதா மாதம், சிலருக்கு மொத்தமாக. அதன் கதையை ஜோஹன்னஸ் ஹவுஸ்ஹோஃபர், ஜெரமி ஷப்பீரோ என்ற இருவர் 2016இல் எழுதி வெளியிட்டார்கள். எல்லாம் புள்ளி விவரமாக இருந்தாலும், நாவல் எழுதிப் பழகிய என் கண்ணுக்கு அதில் நிறைய மனிதர்கள் தென்பட்டார்கள்.

முதலில் கூரை. பணம் வந்ததும் பலர் செய்த முதல் காரியம் வீட்டுக்குத் தகரம் போட்டதுதான். "விவசாயி பணத்தைக் கொண்டு உரம் வாங்க வேண்டும், விதை வாங்க வேண்டும், கூரையிலா போடுவது?" என்று நகரத்தில் மின்விசிறிக்கடியில் இருந்து கொண்டு சொல்வது சுலபம். புல் வேய்ந்த கூரையை ஓராண்டு இரண்டாண்டுக்கு ஒரு முறை பிரித்து வேய வேண்டும். புல்லுக்குக் காசு, ஆளுக்குக் கூலி. மழைக் காலத்தில் பாயைச் சுருட்டிக் கொண்டு மூலைக்கு மூலை நகர்கிற இரவுகளுக்குக் கணக்கில்லை. மூட்டையில் வைத்த தானியம் நனைந்து பூஞ்சை பிடிக்கிறது. தகரம் போட்டுவிட்டால் ஆண்டுதோறும் ஓடிக் கொண்டிருந்த அந்தச் செலவு நின்றுவிடுகிறது. கூரையிலிருந்து வழிகிற நீரைத் தொட்டியில் பிடித்துக் கொள்ளலாம். இத்தனையும் எந்த நிபுணர் சொல்லிக் கொடுத்து அந்தப் பெண்பிள்ளைக்குத் தெரிந்தது? அவள் தலையில் அல்லவா ஒழுகிக் கொண்டிருந்தது!

அடுத்தது வயிறு. ஒன்பது மாதம் கழித்துப் போய்ப் பார்த்தபோது பணம் வாங்கிய குடும்பங்களில் சாப்பாடு கூடியிருந்தது. ஆடு, மாடு, கோழி பெருகியிருந்தன. மனக் கவலை குறைந்திருந்தது என்று எழுதுகிறார்கள். அதையும் அளக்க முடியும் என்று நம்புகிறவர்களிடம் நாம் வாதாட வேண்டியதில்லை. வீட்டுக்குள் அடி உதையும் குறைந்திருக்கிறது. கணவனிடம் கொடுத்தாலும் மனைவியிடம் கொடுத்தாலும் செலவு செய்த விதத்தில் பெரிய வேற்றுமை இல்லை என்பது எனக்கே சற்று ஆச்சரியமாகத்தான் இருந்தது.

கையில் ரொக்கம் இருந்தால் விவசாயக் குடும்பத்தில் என்ன மாறும் என்பதை நகரவாசிகளுக்குக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். அறுப்பு முடிந்ததும் ஊரில் எல்லோரும் ஒரே சமயத்தில் விற்கிறார்கள், விலை விழுகிறது. பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குக் கட்ட வேண்டும், கடைக்காரருக்குப் பாக்கி கொடுக்க வேண்டும், ஆகவே அன்றைக்கே விற்றாக வேண்டும். நாலைந்து மாதம் கழித்துக் குதிர் காலியானதும், தான் விற்ற அதே தானியத்தை அதைவிட அதிக விலை கொடுத்து வாங்கித் தின்ன வேண்டும். கென்யாவில் மக்காச்சோளத்துக்கு நடக்கிற இந்தக் கூத்து, நம் ஊர்க் களத்துமேட்டில் நெல்லுக்கு நடப்பதுதான். சோம்பலோ, ஊதாரித்தனமோ, அறியாமையோ இதற்குக் காரணம் இல்லை. மூட்டையை நாலு மாதம் வீட்டில் வைத்துக் கொள்ள வக்கில்லை, அவ்வளவே. பணக்காரனுக்குப் பணம் எதைக் கொடுக்கிறதோ எனக்குத் தெரியாது. ஏழை விவசாயிக்கு அது காத்திருக்கிற சக்தியைக் கொடுக்கிறது.

என் நண்பர் ஒருவர் வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஏழைகளைப் பற்றி முப்பது ஆண்டு அனுபவம் உண்டு என்று அடிக்கடி சொல்வார். இந்த விவரங்களை அவரிடம் சொன்னேன்.

"நீர் கதை எழுதுகிறவர். மனிதர்கள் எல்லாரும் நல்லவர்களாக இருந்தால் உமக்குச் சந்தோஷம். கையில் காசு கொடுத்தால் குடித்துத் தீர்த்துவிடுவான், ஐயா" என்றார்.

கதை எழுதுகிறவனுக்குக் கெட்டவர்களால்தான் பிழைப்பே நடக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. குடிக்கும் புகையிலைக்கும் செலவு கூடவில்லை என்று அந்த ஆராய்ச்சியில் கண்டிருப்பதை எடுத்துக் காட்டினேன். "கேட்டால் உண்மையைச் சொல்வானா?" என்றார். நல்ல கேள்விதான். பணம் வாங்கிய வீடுகளில் கூரை மாறியிருக்கிறது, ஆடு நிற்கிறது, தட்டில் சோறு இருக்கிறது. குடித்தது போக இத்தனையும் எங்கிருந்து வந்தது என்று திருப்பிக் கேட்டேன். அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

ஆனால் விவாதம் இதோடு முடிந்ததாக நான் நினைக்கவில்லை. 'குடிக்கவில்லை, ஆகவே கொடுக்கலாம்' என்று சொல்லும்போது, நானும் அந்தப் பன் வாங்கிக் கொடுத்துவிட்டு நின்று பார்க்கிறவரின் பக்கத்தில் போய் நின்று கொள்கிறேன். என் நண்பருக்கு மாதந்தோறும் ஓய்வூதியம் வருகிறது. அவர் மாலையில் எங்கே போகிறார் என்று அரசாங்கம் விசாரிப்பதில்லை. அவருக்கு அது உரிமை. கென்யாக்காரிக்கு அது உதவி. உரிமைக்குக் கணக்கு இல்லை, உதவிக்குக் கணக்கு உண்டு.

தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15ஆம் தேதி காஞ்சிபுரத்தில் தொடங்கி, ஒரு கோடிக்கு மேற்பட்ட குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்க ஏற்பாடு செய்தபோது அதற்கு 'உரிமைத் தொகை' என்று பெயர் வைத்தார்கள். அரசியலை அரசியல்வாதிகள் பார்த்துக் கொள்ளட்டும். எழுத்தாளன் என்ற முறையில் நான் அந்தச் சொல்லைப் பார்க்கிறேன். 'உதவித் தொகை' என்று எழுதியிருந்தாலும் அதே 1,000 ரூபாய்தான் வந்திருக்கும். ஆனால் வங்கி வரிசையில் நிற்கிற பெண்ணின் தலை ஒரு விரற்கடை தாழ்ந்திருக்கும். வள்ளுவர் ஈகையைப் பற்றி ஓர் அதிகாரம் பாடியதோடு விட்டுவிடவில்லை. 'இரவு' என்று ஓர் அதிகாரம், அடுத்தே 'இரவச்சம்' என்று இன்னோர் அதிகாரம். கேட்பதில் இழிவில்லாத இடமும் உண்டு, உயிரே போனாலும் கேட்கக் கூடாத இடமும் உண்டு என்று இரண்டையும் அடுத்தடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வாங்குகிறவனின் மனத்துக்குள் இரண்டும் சேர்ந்தேதான் இருக்கும் என்று எனக்குப் படுகிறது.

இதற்குச் சாட்சி அதே ஏரிக் கரையில் உள்ள ஹோமா பே என்ற மாவட்டம். 2015இல் அங்கே போனபோது 100க்கு 40 பேருக்கு மேல் பணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். முன்பின் தெரியாதவன் கேள்வி கேட்காமல் ஒரு குடும்பத்தின் ஓராண்டு ஜீவனத்துக்கான பணத்தைக் கொடுக்கிறான் என்றால், அது பேயின் வேலையாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊரில் பேச்சு. நகரத்தவர் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கைம்மாறு கேட்காமல் இதுவரை யாரும் எதையும் கொடுத்திராத ஒரு சமூகத்தின் நினைவு அதில் இருக்கிறது. ஒழுகுகிற கூரைக்கடியில் உட்கார்ந்து கொண்டு, 'இதன் விலை என்ன என்று தெரியாதவரை வாங்க மாட்டேன்' என்று சொன்னவளிடம் ஒரு மிடுக்கும் இருக்கிறது.

இனி, கணக்கில் அடங்காத இடத்துக்கு வருவோம்.

யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்க அவர்கள் வைத்துக் கொண்ட அடையாளம் சுலபமானது: புல் கூரை இருந்தால் ஏழை, பணம் உண்டு, தகரக் கூரை இருந்தால் இல்லை. கண்ணால் பார்த்தாலே தெரிந்துவிடும். லஞ்சத்துக்கும் சிபாரிசுக்கும் இடமில்லை. அதிகாரிகள் எழுதுகிற பட்டியலைவிட எவ்வளவோ மேல். ஆனால் இரண்டு வீடுகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஒருத்தி வயிற்றைக் கட்டி, கோழி முட்டையைக்கூடப் பிள்ளைக்குக் கொடுக்காமல் விற்று, ஐந்து ஆண்டு சேர்த்து, போன மாதம்தான் தகரம் போட்டிருக்கிறாள். அடுத்த வீட்டுக்காரி போடவில்லை. இன்று ஆள் வந்து கூரையைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரியின் பெயரை எழுதிக் கொண்டு போகிறான். நாளை அவள் வீட்டிலும் தகரம் வந்துவிடும். மிச்சப் பணத்தில் ஒரு பசுவும் வரும். சிக்கனம் செய்ததற்குத் தண்டனை இது என்று முதல்வள் நினைத்தால் அவளுக்கு என்ன பதில் சொல்வது? 'உன்னைவிட அவள் ஏழை' என்பதா? ஐந்து ஆண்டுக்கு முன்னால் இருவரும் ஒன்றுதானே?

இது என் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. பெயரும் முட்டையும் கற்பனையாக இருக்கலாம். மனவருத்தம் கற்பனை அல்ல. பணம் கிடைக்காத அக்கம்பக்கத்தாரின் வாழ்க்கைத் திருப்தி குறைந்து போயிற்று என்று முதல் ஆராய்ச்சியிலேயே தெரிய வந்தது. பிறகு 2014க்கும் 2017க்கும் இடையில் இன்னும் பெரிய அளவில் செய்தார்கள்: 653 கிராமங்களை எடுத்துக் கொண்டு, 10,500க்கு மேற்பட்ட புல் கூரைக் குடும்பங்களுக்கு ஏறக்குறைய 1,000 டாலர் வீதம் கொடுத்தார்கள். 2022இல் வெளியான அதன் முடிவு வேறொரு பக்கத்தைக் காட்டியது. பணம் வாங்கியவர்கள் உள்ளூரிலேயே செலவு செய்தார்கள். கொத்தனாருக்கு வேலை, மாவு மில்லுக்கு வேலை, மூலைக்கடைக்கு வியாபாரம். பணம் வாங்காத குடும்பங்களின் வரும்படியும் சாப்பாடும்கூட உயர்ந்துவிட்டன. கொடுத்த ஒவ்வொரு டாலரும் அந்த வட்டாரத்தில் ஏறத்தாழ இரண்டரை டாலர் வேலை செய்தது. விலைவாசியோ சராசரி 0.1 சதவிகிதம்தான் ஏறியது. கடைகளும் மில்களும் பாதி நேரம் ஆளில்லாமல் சும்மா கிடந்தவைதாமே, கூட்டம் வந்ததும் விலையை ஏற்ற வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

நல்ல செய்தி. என் நண்பரும் இதைக் கேட்டுத் தலையை அசைத்தார். ஆனால் தகரக் கூரைக்காரிக்கு இது பதிலாகுமா? 'உன் கடையிலும் பத்து ஷில்லிங் கூட விற்றதே!' என்றால் வாயை மூடிக் கொள்வாள்; மனத்தை மூடிக் கொள்வாளா? மனிதன் தன் தட்டை நேற்றைய தன் தட்டோடு மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. இது அற்பத்தனம் என்று சொல்பவர்கள், தம் தம்பிக்குப் பாகப் பிரிவினையில் ஒரு சென்ட் நிலம் கூடுதலாகப் போனபோது என்ன செய்தார்கள் என்று நினைத்துப் பார்க்கட்டும்.

அடையாளம் வைத்துக் கொடுக்கிற எந்த ஏற்பாட்டுக்கும் இந்தச் சங்கடம் உண்டு. நம் நாட்டில் 2019 முதல் விவசாயக் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளில் மத்திய அரசு கொடுத்து வருகிறது. அதற்குப் பட்டாவே அடையாளம். சென்னையில் குடியிருந்து கொண்டு ஊர் நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர் பட்டாவைக் காட்டலாம். சேற்றில் இறங்கி உழுகிற குத்தகைக்காரனிடம் காட்டுவதற்கு முழங்கால் சேறுதான் இருக்கிறது.

கிவ் டைரக்ட்லிக்காரர்களே பிறகு கூரையைப் பார்க்கிற முறையை விட்டுவிட்டு, ஊரில் உள்ள எல்லோருக்கும் கொடுப்பது என்ற முடிவுக்கு வந்தார்கள். சியாயா, போமெட் என்ற இரண்டு மாவட்டங்களில் நடக்கிற நீண்ட காலச் சோதனையில் 44 கிராமங்களுக்கு 12 ஆண்டுகள் மாதா மாதம் பணம் தருவதாக வாக்குக் கொடுத்தார்கள். 18 வயது ஆன ஒவ்வொருவருக்கும் ஏறக்குறைய 2,250 ஷில்லிங். 80 கிராமங்களுக்கு இரண்டு ஆண்டு மட்டும் மாதப் பணம். 71 கிராமங்களுக்கு மொத்தமாக ஒரே தடவை. இதில் எனக்கு மிகவும் பிடித்த சேதி ஒன்று உண்டு. 12 ஆண்டு வாக்குறுதி பெற்றவர்கள் வேலையை விட்டுத் திண்ணையில் சாய்ந்துவிடவில்லை. கூலி வேலையைக் குறைத்துக் கொண்டு சொந்தமாகச் சிறு தொழில் தொடங்கினார்கள். மாதா மாதம் வருகிற சிறு தொகை தொழிலுக்குப் போதாது என்று கண்டு, பத்துப் பேர் சேர்ந்து சீட்டுப் போட்டார்கள்! இந்த மாதம் உனக்கு, அடுத்த மாதம் எனக்கு என்று சுற்றி வருகிற, நம் வீட்டுப் பெண்கள் போடுகிற அதே சீட்டு. மாதாந்தரப் பணம் நல்லதா, மொத்தப் பணம் நல்லதா என்று பேராசிரியர்கள் கட்டுரை எழுதிக் கொண்டிருந்தபோது, ஏரிக்கரைப் பெண்கள் ஒன்றை இன்னொன்றாக மாற்றிக் கொள்ள வழி கண்டுபிடித்து விட்டார்கள். இரண்டே ஆண்டு என்று சொல்லப்பட்டவர்கள் அவ்வளவு துணிந்து தொழிலில் இறங்கவில்லை. முடிவு தெரிந்த பணத்துக்கும், நிலைத்து வரும் என்று நம்பின பணத்துக்கும் மனம் எப்படி வேறு வேறாக நடந்து கொள்கிறது, பாருங்கள்.

அந்தக் கணக்கைக் கூட்டிப் பார்த்த வாசகர் ஒருவர் கேட்கலாம்: 44, 80, 71 ஆக 195 கிராமங்கள், மொத்தம் 295 என்கிறார்களே, மீதி? மீதி 100 கிராமங்களுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. கொடுத்த ஊருக்கும் கொடுக்காத ஊருக்கும் வித்தியாசம் பார்த்தால்தான் பணத்தால் வந்த மாறுதல் எது, மழையால் வந்தது எது என்று பிரித்தறிய முடியும். வைத்திய சாஸ்திரத்தில் மருந்தைச் சோதிப்பதும் இப்படித்தான். எல்லோருக்கும் கொடுக்கப் போதிய பணம் எப்படியும் இல்லை, குலுக்கல்தான் உள்ளதில் நியாயமான வழி என்பது அவர்கள் தரப்பு. இதை மறுக்க என்னிடம் நியாயம் இல்லை. கிராம முன்சீப்பின் விருப்பத்தைவிடக் குலுக்கல் எவ்வளவோ மேலானது. இந்த 100 ஊர்களால்தான் என் நண்பருக்கு நான் பதில் சொல்ல முடிந்தது. ஆனாலும் அந்த ஊர்களிலும் அவர்கள் ஆள் போகிறான். பணத்தோடு அல்ல, கேள்வித் தாளோடு. சென்ற வாரம் எத்தனை வேளை சாப்பிட்டீர்கள், எத்தனை ஆடு இருக்கிறது, இரவில் தூக்கம் வருகிறதா என்று வரிசையாகக் கேட்டு எழுதிக் கொள்கிறான். அந்த வீட்டுப் பெண்ணும் கூரையின் கீழ் முக்காலியை இழுத்துப் போட்டு, அவனை உட்காரச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக் கொண்டிருக்கிறாள்.